நாற்பத்தொன்பது வயதுக்கு ஒரு நட்சத்திரம்

பலாப்பழம் அறுக்கிற வீட்டில் யாராவது ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தால் என் இடது முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. சமையலறையில் மனைவி பண்ருட்டிப் பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மகள் தன் கைபேசித் திரையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாசனையும் நடுவழியில், சரியாக என் நாற்காலிக்கு மேலே, சந்தித்துக்கொண்டன. தித்திப்பும் சில்லிப்பும். தேனுக்குள் ஓர் ஊசி. திருத்திக்கொண்டிருந்த அச்சுத்தாளைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையை மடக்கி, கட்டைவிரலால் நரம்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. ஒங்க மாமா ஞாபகம் வந்திருச்சு."

அவளுடைய மாமா என்றால் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். மின்வாரியத்தில் கம்பம் ஏறியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். புயலடித்த மறுநாள் கடலூரே இருட்டில் கிடக்கும்போது, அறுந்து தொங்கும் கம்பிகளுக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கப் போகிறவர்போல நடப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு ஊசி என்றால் மட்டும் முகம் வெளிறிவிடும். போன வருடம் அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோது அது எலும்புவரை போயிருந்தது. மச்சான் வழக்கமாகப் போகும் டாக்டர், "அறுபது தாண்டியாச்சு, நீங்களும் ஒருதடவ பி.எஸ்.ஏ. பாத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்துத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"மாப்ள, நீயும் வந்து குடு. துணைக்கு."

"ஊசிக்குத் துணையா மச்சான்?"

"கல்யாணத்துக்குத் தோழன் நிக்கறதில்ல? அந்த மாதிரின்னு வெச்சிக்கயேன்."

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிராஸ்டேட் என்பது ஆண்களின் மூத்திரப்பைக்கு அடியில், கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. அது இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தெரியாமலேயே ஐம்பது வருடம் அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அது கசியவிடும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு மிதக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை.

மேலே 'ஐம்பது வருடம்' என்று எழுதிவிட்டேன் அல்லவா? தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

திருப்பாதிரிப்புலியூரில் அந்தப் பரிசோதனை நிலையம் ஒரு பழமண்டியின் மாடியில் இருக்கிறது. கீழே பலாப்பழங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, முள்ளோடு முள்ளாக உறங்கிக்கொண்டிருந்தன. படி ஏற ஏற பலா வாசனை மெலிந்து ஸ்பிரிட் வாசனை கனத்தது. காலை ஏழு மணி. வெறும் வயிறு. "இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேணாமே சார்" என்றார் அங்கிருந்த பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே திருநீறு. "பரவால்லம்மா, தவக்காலம், எப்டியும் விரதம்தான்" என்றார் மச்சான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து மழிக்காத தாடி, வெள்ளைப் பிரம்பங்கூடைபோல அவர் முகத்தைச் சுற்றி வளர்ந்திருந்தது.

மச்சானின் தவக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கடைசி மணிக்குப் போய்க் கடைசி வரிசையில் நிற்கிறவன். அவர் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதையில் முன்னால் சிலுவை தூக்குகிறவர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. டி.வி. கிடையாது. அதோடு விடமாட்டார். தவக்காலத்தின் முதல் ஞாயிறு தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சாம்பாரைப் பிசைந்துகொண்டே, எங்கோ சுவரைப் பார்த்தபடி, "எங்க அப்பா காலத்துல தவக்காலம்னா புருஷன் பாய் தனி, பொண்டாட்டி பாய் தனி. ஒறுத்தல்னா அதான் ஒறுத்தல். இப்பல்லாம் யாரு?" என்றார். என் மனைவி ரசம் ஊற்றுகிற சாக்கில் அவர் தட்டை நிரப்பி அந்தப் பேச்சை மூழ்கடித்தாள்.

படிவங்களை மச்சானே நிரப்பினார். கையெழுத்து அழகாக இருக்கும், மின்கம்ப எண் எழுதிப் பழகிய கை.

"ஒனக்கு இன்னா வயசு?"

"நாப்பத்தொம்போது."

"அம்பது நடக்குதில்ல?"

"நடக்குது."

"அப்ப அம்பதுதான்" என்று எழுதிவிட்டார். நம்மூர்க் கணக்கு அதுதான். முடிந்த வயதை யாரும் சொல்வதில்லை, நடக்கிற வயதைத்தான் சொல்கிறோம். நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாற்பத்தெட்டிலிருந்தே நான் எழுதும் கவிதைகளில் எனக்கு ஐம்பது வயது. 'ஐம்பதின் வாசலில் நின்று பார்க்கிறேன்' என்று எழுதினால் வருகிற கனம், 'நாற்பத்தெட்டின் வாசலில்' என்றால் வருவதில்லை. அது வாசல்போலவே இல்லை, பக்கத்துச் சந்துபோல இருக்கிறது.

தனக்கு ஊசி குத்தும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் குத்தும்போதும் அவரேதான் என் கையைப் பிடித்தார். அந்தப் பெண் சிரித்தாரா என்பது முகக்கவசத்துக்குள்.

மாலையில் முடிவு வாங்கப் போனோம். மச்சான் தாளைப் பிரித்தார். கண்ணைச் சுருக்கினார். "நாலு புள்ளி ரெண்டு" என்றார். பிறகு என் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "மூணு புள்ளி ஒண்ணு." இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எனக்கு ஜாஸ்தி மாப்ள."

நான் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவன். அடிக்குறிப்பு இருக்கிற தாளைப் படிக்காமல் கீழே வைக்க முடியாது. அடியில், எறும்பு வரிசையைவிடச் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை. வயது நாற்பது முதல் நாற்பத்தொன்பதுவரை என்றால் இரண்டரைக்குள் இருக்கலாம். ஐம்பதுகளில் மூன்றரை. அறுபதுகளில் நாலரை. எழுபதைத் தாண்டினால் ஆறரைவரை பொறுத்துக்கொள்வார்கள்.

"மச்சான், ஒங்களுக்கு அறுபத்திமூணு. நாலரைவரைக்கும் விட்டிருக்காங்க. நீங்க நாலு புள்ளி ரெண்டு. நல்லாருக்கீங்க."

அவர் முகத்தில் மின்சாரம் திரும்ப வந்தது. தெருவே பார்க்கலாம், அப்படி ஒரு வெளிச்சம். "நாந்தான் சொன்னேனே! ஒனக்கு?"

"அம்பதுன்னா மூணரை. நானும்..." என்று தொடங்கியவன் நிறுத்தினேன். தாளின் தலைப்பில் 'வயது: 50' என்று இருந்தது. பிழை. கண்ணில் பட்ட பிழையை விட்டுவிட்டு எனக்கு இருக்கத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் போய், "மேடம், எனக்கு அம்பது முடியல. ஆகஸ்ட்லதான் முடியுது" என்றேன்.

அவர் எதையோ தட்டினார். அச்சு இயந்திரம் முனகியது. புதுத் தாள் வந்தது. அதே மூன்று புள்ளி ஒன்று. பக்கத்தில் மட்டும், கறுப்பாக, ஒரு நட்சத்திரம்.

"என்ன மேடம் இது?"

"உங்க வயசுக்கு இது அதிகம் சார். டாக்டரப் பாத்துடுங்க."

என் ரத்தம் மாறவில்லை. காலையில் எடுத்த அதே குழாய், அதே ரத்தம். வயதில் நான்கு மாதம் உருவியதும் நோயாளி ஆகிவிட்டேன். இளமையைத் திருப்பித் தா என்று எத்தனை பக்கம் எழுதியிருப்பேன். திருப்பித் தந்தார்கள், நட்சத்திரம் குத்தி.

கீழே டீக்கடையில் மச்சானுக்குக் கோபம். "இது இன்னா நாயம்? எனக்கு நாலு சொச்சம், ஒனக்கு மூணு சொச்சம். ஜாஸ்தி எனக்கு, ஆஸ்பத்திரி ஒனக்கா? எலக்சன்ல இப்டிப் பண்ணா உடுவானுங்களா? ஏன்யா, அம்பதுன்னு எழுதினேனே, வாய மூடிக்கினு இருந்தா இன்னா?"

"தப்பா இருந்திச்சு மச்சான்."

"இப்ப சரியாயிடிச்சா?"

அவர் டீயை ஆற்றவே இல்லை. நான் குடிக்கவே இல்லை. என் எழுத்துகளில் நான் பலமுறை இறந்திருக்கிறேன். மழையில், நிலவில், ஒருமுறை வேப்பம்பூ உதிரும் சத்தத்தில். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை எழுந்து பல் துலக்கியிருக்கிறேன். இந்த நட்சத்திரம் அப்படிப்பட்ட சாவைப் பற்றிப் பேசவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

மனைவி தாளைப் படித்தாள், என்னைப் படித்தாள், அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, இவரத் தனியா அனுப்புனா டாக்டர்கிட்ட கவித சொல்லிட்டு வந்துருவாரு. நீ கூடப் போ. எனக்குப் பேப்பர் திருத்தற வேல, லீவு கெடையாது." ஆசிரியையின் உத்தரவு. சிதம்பரத்தில் சிறுநீரகத் துறையில் நல்ல டாக்டர் ஒருவர் இருப்பதாக அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். சிப்காட், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூர். உப்பங்கழி வெயிலில் தகரமாக மின்னியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மணி உருட்டி, "ஒனக்காகத்தான்" என்பார். நான் நன்றி சொல்வேன். இறங்குவதற்குள் ஏறக்குறைய குணமாகிவிட்டதுபோலவே இருந்தது.

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. நட்சத்திரத்தைப் பார்த்து அவர் பதறவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"டாக்டர், ஆகஸ்ட்ல எனக்கு அம்பது முடியுது. ஆகஸ்ட்ல டெஸ்ட் எடுத்தா இது நார்மல்தான?"

அவர் சிரித்துவிட்டார். "பொறந்தநாள் அன்னிக்குக் காலைல குணமாயிடுமான்னு கேக்கறீங்க."

"அட்டவணை அப்பிடித்தான் சொல்லுது."

"அது கோடு சார், சுவர் இல்ல. வயசாக ஆக அந்தச் சுரப்பி எல்லாருக்கும் பெருசாகும். பெருசாச்சுன்னா நம்பரும் ஏறும். பழைய மோட்டார் ஓடும்போது கொஞ்சம் சத்தம் போட்டா யாரும் கழட்டிப் பாக்கறதில்ல. புது மோட்டார் அதே சத்தம் போட்டா ஏன்னு கேப்போம். அதான் சின்ன வயசுக்குக் கோட்டக் கீழ போட்டிருக்கு. கோட்டுக்கு மேல இருக்கற நெறையப் பேருக்குக் கேன்சர் இருக்காது. கீழ இருக்கறவங்கள்ல சில பேருக்கு இருக்கும்."

"நா பழைய மோட்டாரு" என்றார் மச்சான், பெருமையாக. "நாலு புள்ளி ரெண்டு, டாக்டர். நார்மலு."

"சந்தோஷம்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி வரிசையாகக் கேட்டார். ஜுரம் வந்ததா? இல்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல்? இல்லை. ரொம்ப தூரம் சைக்கிள் மிதிப்பீர்களா? இல்லை, ஸ்கூட்டர். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே, சாப்பாட்டில் உப்பு அதிகமா என்று கேட்கும் அதே குரலில், அடுத்ததையும் கேட்டார்.

"டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாளைக்குள்ள மனைவியோட சேர்ந்திருந்தீங்களா? அதுனாலயும் நம்பர் ஏறும்."

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

இங்கே எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கர் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. எங்களுக்குக் கல்யாணமான வருடம் ஈஸ்டர் சீக்கிரமே வந்து போய்விட்டது. அதனால் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் முகூர்த்தம். ஆனால் ஈஸ்டர் ஓரிடத்தில் நிற்கிற விழா அல்ல. நிலவைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நகரும். இந்த வருடம் பிந்திவிட்டது. எங்கள் கல்யாண நாள் போய்த் தவக்காலத்துக்குள் மாட்டிக்கொண்டது. ரத்தம் கொடுத்ததற்கு முந்தைய நாள்தான் அது. மச்சான் அன்று மாலை வீட்டுக்கு வந்து, எங்கள் தலையில் கைவைத்து ஜெபித்து, "கேக்கு வேணாம், தவக்காலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நாங்கள் கேக்கும் சாப்பிட்டோம். இருபத்து மூன்று வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர்.

அந்த மச்சான் இப்போது என் வலது பக்கம், முழங்கை தொடும் தூரத்தில், வெள்ளைத் தாடியோடு, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு பேரில் ஒருத்தியின் அண்ணன்.

"இல்ல டாக்டர்" என்றேன். அது போதாதுபோல இருந்தது. "தவக்காலம்."

"அப்பிடின்னா?"

மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். சாம்பல் புதன், நாற்பது நாள், ஒறுத்தல், எல்லாவற்றையும் விளக்கினார். "எங்க குடும்பத்துல அது ரொம்ப ஸ்ட்ரிக்ட் டாக்டர்" என்று முடித்து, என் தொடையில் தட்டினார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டது அந்த ஒரு முறைதான்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார். அதை எழுதமாட்டேன். கவிதைக்கும் எல்லை உண்டு. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஆனா எந்தக் காரணமும் இல்லாம, இந்த வயசுல இந்த நம்பர்னா, அப்படியே விட முடியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துடலாம். அதுல சந்தேகமா இருந்தா ஊசி வெச்சுச் சதை எடுத்துப் பாப்போம்" என்றார்.

"எத்தன ஊசி?" என்று கேட்டது நானல்ல, மச்சான்.

"ஒரு பத்துப் பன்னெண்டு."

மச்சான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மனைவிக்குப் போன் செய்தேன். மச்சான் பத்தடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய், கிசுகிசுவென்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வெடுக்கென்று கேட்டாள். "இல்லன்னு சொன்னியா?"

"ஒங்கண்ணன் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு."

"ஒக்காந்திருந்தா? நமக்குப் புள்ளைங்க ரெண்டு. அதுங்கள்லாம் பக்கிங்காம் கால்வாய்ல பொட்டில மெதந்து வந்துதா? எங்கண்ணனுக்குத் தெரியாதா?"

"தவக்காலத்துல..."

"பாவம் பண்ணா சாமியார்கிட்ட சொல்லிக்கலாம். பொய் சொன்னா டாக்டர் ஊசி குத்துவாரு. உள்ள போ. போய் சொல்லு." பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்கு பயமா இருக்குய்யா. நாம பண்ணதாலதான் அந்த நம்பர்னா நா இன்னிக்குத் தூங்குவேன். போய் சொல்லேன்."

மச்சானை முதலில் அப்புறப்படுத்தப் பார்த்தேன். "மச்சான், கீழவீதியில கொத்சு நல்லாருக்குமாம். ரெண்டு இட்லி சாப்ட்டு வாங்களேன்."

"விரதம்."

"சும்மா கோபுரமாவது பாத்துட்டு வாங்க."

"இங்கேர்ந்தே தெரியுது."

"டாக்டர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். ஒரு நிமிஷம் நா மட்டும் போயிட்டு வரேன்."

"ஒன்னத் தனியா உடாதன்னு தங்கச்சி சொல்லியிருக்கு" என்று எனக்கு முன்னால் அவரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த சிறுநீரகப் பொம்மையைப் பார்த்துப் பேசினேன். "டாக்டர், கொஞ்ச முன்னாடி ஒண்ணு கேட்டீங்க. நான் இல்லன்னு சொன்னேன். அது இல்ல. அதாவது, இல்லங்கறது இல்ல. முந்தின நாள் எங்க கல்யாண நாள்."

"ஓ" என்றார் டாக்டர்.

மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். அவர் ஆயுளில் எத்தனையோ மின்விசிறிகளுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார். எதையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்று டாக்டர் எழுதிய தாளைக் கிழித்தார். அந்தச் சத்தம் எனக்கு மணியோசை. "ஸ்கேன் இப்ப வேணாம். ஆறு வாரம் போகட்டும். மறுபடி எடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள், நெசமாவே தவக்காலம். இதுனாலதான் ஏறுச்சுன்னு நான் இப்ப சொல்லமாட்டேன். இருக்கலாம். அப்பவும் இறங்கலன்னா ஸ்கேன்தான், சரியா?" பிறகு மச்சானைப் பார்த்து, "நீங்களும் அன்னிக்குத்தான குடுத்தீங்க? உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு நார்மல் டாக்டர்" என்று மச்சான் எழுந்துவிட்டார். "பஸ்ஸுக்கு டைமாச்சு."

திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபமாலையும் எடுக்கவில்லை. முட்லூரில் ஒருவர் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு ஏறினார். இரண்டு வாங்கி ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், கடிக்கவில்லை. உதடு மட்டும் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. என் பாவத்தை எடைபோடுகிறார் என்று நினைத்தேன். தங்கச்சியைக் கொடுத்த இடம் இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துகிறார் என்று நினைத்தேன். கடலூரில் இறங்கியதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஈஸ்டர் அன்று பிரியாணிக்கு வந்தார், தாடியை மழித்துவிட்டு. என் கண்ணைப் பார்க்கவில்லை. அன்று யாரும் பாயைப் பற்றியும் பேசவில்லை.

அந்த ஆறு வாரம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. மெய்ப்புத் திருத்தினேன். நாற்பத்தொன்பது என்று எங்கே வந்தாலும் நின்றேன். விடிகாலையில் மனைவி எழுந்து உட்கார்ந்திருப்பாள். நானும் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும். இருவரும் தூங்குவதுபோல ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்வோம்.

"இறங்கலன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்கேன் எடுப்போம்" என்றாள். "அதுக்கு அப்புறம் இன்னா சொல்றாங்களோ அதையும் பண்ணுவோம். நா வருவேன். எங்கண்ணன அனுப்பமாட்டேன்."

மே மாதக் கடைசியில், பழமண்டியில் பலா மலையாகக் குவிந்திருந்த ஒரு காலை, மறுபடியும் படி ஏறினேன். மச்சான் எனக்கு முன்பே வந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை, வந்திருந்தார். ஊசி குத்தும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். மாலையிலும் வந்தார். அந்தப் பெண் தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. மச்சான்தான் வாங்கினார், தூரப் பிடித்துப் படித்தார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு" என்றார். பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். "நட்சத்திரம் இல்ல மாப்ள."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். டாக்டரிடமும் போனில் சொன்னேன். நல்லது, ஆனால் ஒரு தடவை இறங்கியதோடு மறந்துவிடாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள், ஒரு தனி நம்பரைவிட அது வருடா வருடம் எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்றார்.

"வருஷா வருஷமா?" என்றார் மச்சான்.

"ஆமா மச்சான். ஒங்களுக்கும்தான் நல்லது. நாலு புள்ளி ரெண்டு, கோட்டுக்குப் பக்கத்துலயே நிக்கறீங்க."

அவர் தாளை மடித்து என் பையில் செருகினார். தெருவில் இறங்கி நடந்தோம். ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று ஊதிக்கொண்டே போனது. தாழ்வாகத் தொங்கிய ஒரு கேபிள் கம்பியைப் பழக்கதோஷத்தில் கையால் ஒதுக்கிவிட்டு நின்றார். நான் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும், அவர் மஞ்சக்குப்பம் பஸ் பிடிக்க வேண்டும்.

"மச்சான், எம்மேல வருத்தமா?" என்று கேட்டுவிட்டேன். "தவக்காலத்துல..."

"வருத்தமா? போடா" என்றார். பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு கால் வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, குனிந்து என் காதுப் பக்கம் வந்தார்.

"வர்ற வருஷம் ஈஸ்டருக்கு மொத நாளு, பெரிய சனிக்கெழம காலைல குடுப்பம், மாப்ள. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, அந்த ரெண்டு நாளுக்குன்னாதான் நா கேரண்டி."